எடுக்காத கடனின் தவணை

கனகபுரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது.
கால் ஏக்கர், கட்டுக்கிணறு, இரண்டு அறை.
காணிக்கு உறுதியும் இருக்கிறது;
இந்தப் பக்கத்தில் அதுவே பாதி அதிசயம்.
சுவிசிலிருந்து வைபரில் உரித்துக்காரர் சொன்னார்:
"நாப்பத்திரண்டு லச்சம். உங்களுக்கெண்டபடியால் நாப்பத்தொண்டு."

இதயரூபன் மாபிள் பதிக்கிறவர்.
வீட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை.
குந்தியிருந்து, விரல்மொழியால்
ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போனார்.
குசினி வாசலில் மூன்று கல் பொள்ளெனச் சத்தமிட்டன.
"கீழ சாந்து பிடிக்கேல்லை. அது திருத்தலாம்,"
என்றவர் கையைத் துடைத்தார்.
"எங்கட கணக்குத்தான்..."

கணக்கை மின்சார பில்லின் பின்பக்கம் எழுதினோம்.
நிலையான வைப்பு ஆறு.
வங்கி தரச் சம்மதித்தது இருபது,
பன்னிரண்டு வருசம்,
மாசம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு.
மிச்சத்துக்கு என் ஆறு பவுண்.
அந்த வரியை அவர் எழுதவில்லை.
பேனையை என்னிடம் நீட்டினார்.

தங்கமென்றால்
துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடலாம்.
பதினேழு வயதில் அப்படித்தான் ஓடினேன்,
விசுவமடு, தேவிபுரம்,
பிறகு நான் பெயர் சொல்லாத மணல்.
நிலைக்கதவையோ கிணற்றையோ
ஒருவரும் கட்டிக்கொண்டு வரவில்லை.
இன்னும் எங்கள் வாசல் ஆணியில் தொங்குகிறது ஒரு பை:
நகை, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள்.
சம்பளம் கேட்டது வங்கிப் படிவம், வயது கேட்டது,
பிணையாளி இருவரைக் கேட்டது.
இனி ஓடமாட்டீர்கள் என்பது எவ்வளவு நிச்சயம்
என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

பக்கத்து வளவுத் தயாநிதி அக்கா குழுக்கடன் எடுத்தவ.
வியாழக்கிழமைகளில் மோட்டார்சைக்கிளில் வருவார்கள்.
ஒருமுறை பொழுதுபடும் வரை முற்றத்து வாங்கில் இருந்தார்கள்.
அக்கா உள்ளே, லைட் போடாமல்,
உலையும் வைக்காமல் இருந்தா.
அதைக் கண்ட கண்ணோடு எப்படிக் கையெழுத்து வைக்க?

"பழகிப் பாப்பம்," என்றேன்.
வாங்காத வீட்டுக்கு, எடுக்காத கடனுக்கு
ஆவணியிலிருந்து தவணை கட்டத் தொடங்கினோம்.
வாடகை பன்னிரண்டு போக
பதினையாயிரத்து ஐந்நூறு, மாதம் ஐந்தாம் திகதி,
புதுப் புத்தகத்தில்.

ஆவணி கட்டினோம்.
புரட்டாதி கட்டினோம்.
ஐப்பசியில் மகளின் சப்பாத்தைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கட்டினோம்.
கார்த்திகையில் இரணைமடு வான்கதவைத் திறந்தார்கள்.
மணல் வரவில்லை, வேலையும் வரவில்லை.
ஐந்தாம் திகதி போனது.
ஆறு. ஏழு.
சங்கக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாலும்
மனம் வீட்டுப் படலையில்தான் நின்றது,
யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும்.

மார்கழியில் ஏழாயிரம். தையில் முழுசாக.
ஆறு மாதத்தில் அறுபத்தொன்பதாயிரம்.
வாடகைக்கு மேல் பத்துத்தான் எங்களால் முடியும்.
அதற்குமேல் ஒரு ரூபா என்றாலும்
படலைச் சத்தம் கேட்கும்.

சுவிஸ்காரர் மாசிவரை பொறுக்கவில்லை.
யாரோ ஒரு டொக்டர் வாங்கினார்.
குசினி வாசலின் மூன்று கல்லையும் பெயர்த்துப் பதிக்க
இவரைத்தான் கூப்பிட்டார்கள்.
கூலி நாலாயிரம்.
"நல்லாப் பிடிச்சிட்டுது," என்று வந்து சொன்னார்,
தன் வீட்டுக் கல் மாதிரி.
அதையும் அந்தப் புத்தகத்திலேயே போட்டோம்.

சின்னதாய் ஒன்று வரும். வராமலும் போகும்.
பில்லின் பின்பக்கத்தில் அந்த ஒரு வரி
இன்னும் எழுதாமல் கிடக்கிறது.

நேற்று மட்டும்
பையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.
இரவில் இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்.
வாடகைச் சுவரில்
ஆணி மட்டும் இருந்தது.